அந்தத் தவணைப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், அம்மா

போன சனிக்கிழமை சாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா, பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகளோடு வந்திருந்தார். பெங்களூரில் ஐ.டி. வேலையில் இருக்கும் கொழுந்தனார் மகன் விடாமல் போன் செய்கிறானாம். "வெறும் கணக்கை வச்சு என்ன பண்ணப் போறா பெரியம்மா? இந்த டேட்டா சயின்ஸ் ஆன்லைன் கோர்ஸில் சேர்த்துடுங்க. திங்கட்கிழமை வரைதான் தள்ளுபடி." வளையலை அடகு வைப்பதா, தவணையில் கட்டுவதா என்பதுதான் அந்த அம்மாவின் கேள்வி. பயப்படாதீர்கள் என்று பேசத் தொடங்கிய நான், அவர் நீட்டிய படிவத்தைப் படித்ததும் ஆறுதலை நிறுத்திவிட்டேன். அவரிடம் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

அம்மா, கட்டணம் 1,80,000 என்று உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அதன் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி இருக்கிறது, பாருங்கள். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் 2,12,400. இருபத்துநாலு மாதம் என்றால் மாதம் 8,850 ரூபாய். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'வேலை உத்தரவாதம்' என்று போட்டவர்கள், நாலாம் பக்கத்தில் அதையே 'வேலை தேட உதவி' என்று மாற்றிவிட்டார்கள். அப்புறம், இது தவணை இல்லை, கடன். நிதி நிறுவனம் மொத்தப் பணத்தையும் கோர்ஸ் நடத்துபவர்களுக்குக் கொடுத்துவிடும், நீங்கள் அந்த நிதி நிறுவனத்துக்குக் கடன்காரர் ஆவீர்கள். மூன்றாம் மாதமே மகளுக்குப் பிடிக்காமல் போனாலும் தவணை நிற்காது. கட்டத் தவறினால், கடனை ஒழுங்காகக் கட்டுபவரா என்று வங்கிகள் பார்க்கும் சிபில் மதிப்பெண் விழும், நாளைக்கு எம்.எஸ்சி.க்கு வங்கியில் கல்விக்கடன் கேட்கும்போது அது குறுக்கே வந்து நிற்கும். கணக்கிலிருந்து தானாகப் பணம் பிடிக்கும் ஏற்பாட்டைத் தவிர்க்கச் சொல்லி மத்திய கல்வி அமைச்சகமே 2021 டிசம்பரில் பெற்றோர்களை எச்சரித்திருக்கிறது.

நாம் பேசிக்கொண்டிருந்தபோது உங்கள் மகள் என்ன செய்தாள் என்று கவனித்தீர்களா? அந்த விளம்பரத் தாளைத் திருப்பிப் போட்டு, ஓர் அறையில் 23 பேர் இருந்தாலே இரண்டு பேருக்கு ஒரே பிறந்தநாள் வரப் பாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு என்பதை எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டினாள். சாயங்காலம் தெருப் பிள்ளைகளுக்கும் அவள்தான் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். கணக்கு அவளிடம் இருக்கும் குறை இல்லை, அவள் கைமுதல். அதை விட்டு அவளை வெளியே இழுக்காதீர்கள்.

ஆன்லைனில் படிக்கவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெரிய தளங்களை எல்லோருக்கும் தெரியும், அவற்றை விடுங்கள். பொறியியல் பிள்ளைகளுக்கு மட்டும்தான் என்று கலைக் கல்லூரி வீடுகள் ஒதுக்கிவிடும் ஒன்று இருக்கிறது. அது என்பிடெல் என்ற ஆன்லைன் பாடத் தளம். ஐ.ஐ.டி.களும் பெங்களூர் ஐ.ஐ.எஸ்சி.யும் சேர்ந்து 2003இல் தொடங்கியது. 2014 முதல் சான்றிதழும் தருகிறார்கள். பாடங்கள் 4, 8, 12 வாரம் என்று இருக்கும். சேர்வதற்கு ஒரு பைசா வேண்டாம். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக் கட்டணம் பாடத்துக்கு 1000 ரூபாய், பட்டியல் இனத்தவருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பாதி. ஒவ்வொரு வாரமும் வீடியோ வரும், அசைன்மென்ட் வரும், பெரும்பாலும் புதன்கிழமை ராத்திரிக்குள் அதை முடித்துப் போட வேண்டும். பருவம் முடிவில் தேர்வு மையத்துக்கே போய், கண்காணிப்பாளர் முன்னால் எழுத வேண்டும். பெரும்பாலான பாடங்களில் அசைன்மென்டுக்கு 25, தேர்வுக்கு 75. கணினி நிரல் (புரோகிராம்) எழுதும் பாடங்களில் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். மொத்தம் 60 வந்தால் சான்றிதழில் 'எலைட்' என்ற தகுதி, 75க்கு வெள்ளி, 90க்குத் தங்கம். சான்றிதழில் அவள் படமும் மதிப்பெண்ணும் இருக்கும். யாரோ எழுதிக்கொடுத்து வாங்க முடியாத சான்றிதழ் என்பதால்தான் இதற்கு மதிப்பு.

அவளுக்கு முதலில் எதை எடுப்பது? சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் கழகத்தின் மாதவன் முகுந்த் என்பிடெலில் நடத்தும் எட்டு வாரப் பைத்தான் நிரல்மொழிப் பாடம். தரவுக் கட்டமைப்பும் அல்காரிதமும் அதிலேயே வரும், கணக்குத் தெரிந்த பிள்ளைக்கு இனிக்கும். அடுத்த பருவத்தில் நிகழ்தகவோ புள்ளியியலோ எடுக்கட்டும். பையன் சொல்லும் டேட்டா சயின்ஸுக்கு அடித்தளமே இதுதான். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர்வதற்கான ஜாம் நுழைவுத் தேர்வு எழுதினாலும் உதவும். ஆங்கிலம் தடுக்கினால், பல பாடங்களின் உரை தமிழிலும் கிடைக்கிறது. இந்த மதிப்பெண்ணைக் பட்டப் படிப்புக் கணக்கில் கல்லூரி கிரெடிட்டாகச் சேர்த்துக்கொள்ளவும் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) விதியில் இடம் உண்டு. உங்கள் கல்லூரி ஏற்குமா என்று துறைத் தலைவரிடம் கேட்டுவிடுங்கள்.

ஒரு சங்கடமும் உண்டு. இதில் யாரும் போன் செய்து விரட்ட மாட்டார்கள். ஆர்வமாகச் சேர்ந்து மூன்றாம் வாரமே விட்டுவிடும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். வாரத்துக்கு ஐந்தாறு மணி நேரம் அவளுக்கு ஒதுங்க வேண்டும். செவ்வாய், புதன் சாயங்காலம் கடைக்கு ஓடச் சொல்லாதீர்கள், டியூஷனுக்கும் அந்த இரண்டு நாள் விடுமுறை விடட்டும்.

இன்று ராத்திரியே முதல் வீடியோவை அவள் போட்டுப் பார்க்கட்டும், இலவசம்தான். பாடம் பிடித்தால் ஜனவரியிலோ ஜூலையிலோ தொடங்கும் பருவத்துக்குப் பதிவு செய்யலாம். பெங்களூர்ப் பையன் மேல் வருத்தப்படாதீர்கள், தங்கைக்கு நல்லது நினைத்துத்தான் சொல்கிறான். பணம் கட்டும் லிங்க் அனுப்ப வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் அவள் எழுதிய நிரலைப் பார்த்துத் திருத்திக் கொடு என்று அவனிடம் கேளுங்கள்.