மூன்று கொட்டேஷன், மூன்று ரேட்: யாரிடம் கொடுப்பது?

கேள்வி: திருமங்கலம் பக்கம் கரிசல் மண் மனையில் 1,200 சதுர அடிக்குத் தரைத்தள வீடு கட்டப்போகிறோம். பொருளோடு சேர்த்துச் சதுர அடிக்கு 1,950, 2,250, 2,500 ரூபாய் என்று மூன்று கான்ட்ராக்டர்கள் கொட்டேஷன் தந்திருக்கிறார்கள். 1,950 சொன்னவரிடமே கொடுத்துவிடலாமா?

பதில்: இப்போதைக்கு யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். நீங்கள் அனுப்பிய தாள்களைப் பார்த்தால், மூன்று பேரும் ஒரே வீட்டுக்கு விலை சொல்லவில்லை.

முதல் இரண்டையும் எடுத்துக்கொள்வோம். வித்தியாசம் 3,60,000 ரூபாய். ஆனால் 1,950 தாளின் கடைசி வரியில் சம்ப்பும் செப்டிக் டேங்கும் தனி, லிட்டருக்கு 22 ரூபாய் என்று இருக்கிறது. இரண்டும் சேர்ந்து 12,000 லிட்டர் என்றால் 2,64,000 ரூபாய். 2,250 ரேட்டில் இவை அடக்கம். ஆக, மிச்ச வித்தியாசம் 96,000தான். அப்புறம் ஜிஎஸ்டி. பொருளோடு கட்டித்தரும் ஒப்பந்தத்துக்கு 18 சதவீதம். மற்ற இருவரும் 'ஜிஎஸ்டி உட்பட' என்று எழுதியிருக்கிறார்கள். 1,950காரர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. 23,40,000 ரூபாய்க்கு அது 4,21,200. பின்னால் பில்லில் ஏறினால், குறைந்த ரேட் என்று நினைத்தது 2,250ஐத் தாண்டிவிடும்.

இதைவிட எனக்குக் கவலை தருவது அஸ்திவாரம். கரிசல் மண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். மூன்று தாளிலும் 'அஸ்திவாரம் 5 அடி' என்றுதான் இருக்கிறது. மண்ணைச் சோதிக்காமல் 5 அடி போதுமென்று எப்படிச் சொல்ல முடியும்? உங்கள் மனைக்கு அண்டர்ரீம்டு பைல், அதாவது மண்ணுக்குள் ஆழமாக இறக்கி, கீழ்ப்பகுதியைக் குமிழ் போல அகலமாக்கிய கான்கிரீட் தூண், தேவைப்படலாம். அப்படியானால் செலவே வேறு. முதலில் மண் பரிசோதனை செய்து, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் வரைபடம் வாங்குங்கள். தூணுக்கும் பீமுக்கும் எத்தனை எம்எம் கம்பி, எத்தனை கம்பி என்பது அதில் வந்துவிடும். அதற்கு ஆகும் பணத்தை மிச்சம் பிடிக்க நினைக்கவே வேண்டாம்.

அந்த வரைபடத்தோடு நீங்களே ஒரு பட்டியல் தயாரித்து மூவருக்கும் ஒரே மாதிரி கொடுத்து மறுபடி விலை கேளுங்கள். 'தரமான கம்பி', 'நல்ல டைல்ஸ்' என்ற சொற்களுக்கு ஒப்பந்தத்தில் மதிப்பே இல்லை. கம்பியின் வலிமைத் தரம் எஃப்இ 550டி, எந்த பிராண்ட்; கான்கிரீட்டின் தரம் குறைந்தது எம்20; பூச்சுக்கு பி சாண்டா (பூச்சுக்கான நைசான செயற்கை மணல்), எம் சாண்டா (கான்கிரீட்டுக்கான செயற்கை மணல்); டைல்ஸ் சதுர அடிக்கு எத்தனை ரூபாய் வரை; தலைவாசல் நிலை எந்த மரம் என்று எழுத வேண்டும். போர்டிகோவையும் மாடிப்படிக்கு மேல் கட்டும் ஹெட்ரூமையும் முழு அளவாகக் கணக்கிடுகிறாரா, பாதியாகவா என்பதையும் கேளுங்கள். அஸ்திவாரம் ஓர் அடி ஆழம் கூடினால் என்ன ரேட், கம்பி விலை ஏறினால் யார் பொறுப்பு? இவற்றுக்கும் எழுத்தில் பதில் வேண்டும்.

பணம் கொடுக்கும் தவணையிலும் 1,950காரர் எனக்கு உறுத்துகிறார். கையெழுத்துக்கு 25 சதவீதம், பேஸ்மென்ட் (தரைமட்டம் வரையிலான அடித்தளம்) முடிந்ததும் 25 சதவீதம் கேட்கிறார். அதுவரை ஆகும் செலவு சாதாரணமாகப் பாதியை எட்டாது. உங்கள் பணம் வேலையை முந்தி ஓடினால், அவர் பாதியில் நிறுத்தும்போது உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. அட்வான்ஸைச் சிறிதாக வைத்து, பேஸ்மென்ட், லின்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் விட்டம்), ரூஃப் கான்கிரீட், பூச்சு, டைல்ஸ் என்று வேலை முடிய முடியக் கொடுங்கள். கடைசி 5 சதவீதத்தைச் சாவி வாங்கி, ஒரு மழைக்காலம் கழிந்த பிறகு தருவதாக எழுதிக்கொள்ளுங்கள்.

புது விலைகள் வந்ததும், ஒவ்வொருவரும் இரண்டு மூன்று வருடத்துக்கு முன் கட்டிய வீட்டைப் போய்ப் பாருங்கள், முடிந்தால் கரிசல் மண்ணிலேயே கட்டியதாக. வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியது: பேசிய தொகை எவ்வளவு, கடைசியில் கொடுத்தது எவ்வளவு?