இலங்கை மலைநாட்டில் கார் ஓட்டப் போறீங்களா? கேள்வி பதில்

தக்கலையிலிருந்து: அண்ணாச்சி, ஆர்டிஓ ஆபீஸ்ல சர்வதேச லைசென்ஸ் எடுத்தாச்சு. இலங்கைக்கு அது போதுமா?

போதாது தம்பி. அதுக்கு மேல உள்ளூர் அனுமதி ஒண்ணு வேணும். 2025 ஆகஸ்ட் முதல் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே அதுக்குக் கவுண்டர் இருக்கு. ஒரிஜினல் லைசென்ஸும் கையில இருக்கட்டும்.

மார்த்தாண்டத்திலிருந்து: கண்டியில இருந்து நுவரெலியா வழியா எல்லங்கிற ஊர் வரை 135 கிலோமீட்டர்தானே, ஒரே நாள்ல முடிச்சிரலாமா?

முடிக்கலாம், ஆனா ரோட்டைத் தவிர வேற எதையும் பார்க்க மாட்டீங்க. கம்பளை வரைக்கும் சாதா டவுன் நெரிசல். புசல்லாவை தாண்டினாதான் தேயிலை. அப்புறம் றம்பொடை அருவி, 109 மீட்டர். அதுக்கு மேல லபுக்கலை வரை கொண்டை ஊசி வளைவுகள். கண்டியில இருந்து கிட்டத்தட்ட 1,400 மீட்டர் ஏறுறீங்க, மணிக்கு 25, 30 கிலோமீட்டர்னு கணக்கு வையுங்க. நுவரெலியாவுல தங்கிட்டு, மறுநாள் வெலிமடை, பண்டாரவளை வழியா போங்க. எல்லவுக்கு நேரா திரும்பாம அப்புத்தளைக்கு ஒதுங்குங்க. தம்பேதென்னைக்கு மேல லிப்டன் சீட்ங்கிற காட்சி முனை வரை ரோடு ஒத்தை வண்டி அகலம்தான். விடியக்காலம் போயிருங்க, வெயில் ஏறினா மேகம் மூடிரும். வழி கேட்கத் தயங்க வேண்டாம், தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்புகள்ல, அதாவது லயங்கள்ல, எல்லாம் தமிழ்தான்.

குளச்சலிலிருந்து: இறக்கத்துல பிரேக் கருகுற வாடை வந்தா என்ன செய்ய?

இதைத்தான் முதல்ல கேட்டிருக்கணும். நம்ம குமரி மலையில காளிகேசம் ரோட்டுல ஓட்டினவருக்கு வளைவு புதுசில்லை, இறக்கத்தோட நீளம்தான் புதுசு. பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இறங்கினா பேடு சூடாகிப் பிடிப்பு போகும். சூடு பிரேக் ஆயிலுக்கும் ஏறிக் கொதிச்சா பெடல் பஞ்சு மாதிரி உள்ள போகும். ஏறும்போது போட்ட கியர்லயே இறங்குங்க. ஆட்டோமேட்டிக்னா எல் அல்லது 2. டொயோட்டா ஹைபிரிட்னா பி. பேட்டரி நிறைஞ்சதும் எஞ்சின் திடீர்னு சத்தம் போடும், பயந்துராதீங்க, அது எஞ்சினே வண்டியைப் பிடிக்கிற சத்தம். வாடை வந்தா அகலமான இடமாப் பார்த்து நிறுத்தி, பார்க்கிங் கியர்ல போட்டு சக்கரத்துக்குக் கல் வையுங்க. சூட்டுல ஹேண்ட்பிரேக் இழுக்க வேண்டாம். தண்ணி ஊத்தவே கூடாது, டிஸ்க் கோணிப்போகும். அரை மணி நேரம் ஆறட்டும். பெட்ரோல் மிச்சம்னு நியூட்ரல்ல இறங்குறவங்களுக்குச் சொல்ல என்கிட்ட ஒண்ணும் இல்லை.

நாகர்கோவிலிலிருந்து: எந்த மாசம் போகலாம்?

நம்ம குமரி மாவட்டத்துல ரெண்டு பருவமழையும் ஒரே மலையில பெய்யுது. அங்க மலை நடுவுல நின்னு பங்கு பிரிக்குது. மே முதல் செப்டம்பர் வரை அட்டன், நுவரெலியா பக்கம் நனையும், அப்போ பதுளை, எல்ல பக்கம் தேவலை. நவம்பர் முதல் ஜனவரி வரை அப்படியே மாறும். பிப்ரவரி, மார்ச் ரெண்டு பக்கத்துக்கும் நல்லது. ஏப்ரல்ல நுவரெலியாவுல சீசன் கூட்டம். மண்சரிவு எச்சரிக்கை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்புன்னு மூணு நிலையில வரும். செம்மஞ்சள் வந்தாலே பாதையை மாத்துங்க.

கருங்கல்லிலிருந்து: மீமுரே கிராமத்துக்குச் சின்ன கார் போகுமா?

கண்டி–மகியங்கனை ரோட்டுல இருக்கிற ஹுன்னஸ்கிரியாவுல திரும்பி, கோர்பெட் கேப் கணவாய் வரைக்கும் பைய போகலாம். அதுக்கப்புறம் குறுகின செங்குத்து இறக்கம், தாழ்ந்த வண்டின்னா அடி தட்டும். உயரமான வண்டி எடுங்க, இல்லைன்னா காரை மேலயே விட்டுட்டு உள்ளூர் வண்டியில இறங்குங்க. பெட்ரோல் கண்டியிலேயே நிரப்பிருங்க. இறங்கும்போது எதிர்ல வண்டி வந்தா ஏறி வர்றவருக்குத்தான் வழி, நீங்க ரிவர்ஸ்ல மேலே போகணும்.