சிக்குன்குனியா வந்து இரண்டு மாதம் ஆகியும் மூட்டுவலி போகவில்லையே, என்ன செய்யலாம்?

காய்ச்சல் ஒரு வாரத்தில் இறங்கிவிடும், பலருக்கு வலி இறங்காது. மூட்டின் உள்சவ்வில் அழற்சி நீடிப்பதுதான் காரணம். 2006-இல் தமிழ்நாட்டில் பரவியபோதும் பலர் மாதக்கணக்கில் நொண்டினார்கள்.

காலையில் எழுந்த வேகத்தில் காலை ஊன்றாதீர்கள். கட்டிலில் உட்கார்ந்தபடியே கணுக்காலை மேலும் கீழும் 10 முறை அசைத்து, கைவிரல்களை 10 முறை மடக்கி விரியுங்கள். விறைப்புக்கு வெந்நீர் ஒத்தடம். வீங்கிச் சூடாக இருக்கும் மூட்டுக்குத் துணியில் சுற்றிய ஐஸ், 10 நிமிடம். நடையை 10 நிமிடத்தில் தொடங்குங்கள், மறுநாள் வலி கூடினால் பாதியாக்குங்கள். வலி குறைந்த அன்றே வீடு முழுக்கக் கழுவிவிட்டு மூன்று நாள் படுப்பவர்கள்தான் அதிகம்.

சில மருந்துக்கடைகளில் அட்டை இல்லாமல் காகிதத்தில் மடித்துத் தரும் கலவை மாத்திரை வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருக்கலாம். அன்றே ஓட வைக்கும். ஆனால் சாப்பிடும்போதே ரத்தச் சர்க்கரை ஏறும், நிறுத்தியதும் வலி திரும்பும். பாராசிட்டமால் நாளுக்கு 3 கிராமுக்குள் போதும். கல்லீரல் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் அதுவும் கூடாது.

மூன்று மாதம் தாண்டியும் வீக்கம் இருந்தாலோ, காலை விறைப்பு அரை மணிக்கு மேல் நீடித்தாலோ மூட்டுவாத நிபுணரிடம் போங்கள். ஈஎஸ்ஆர் (அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), ஆன்ட்டி-சிசிபி (முடக்குவாதத்தைக் கண்டறிய உதவும் ரத்தப் பரிசோதனை) பார்த்து, முடக்குவாதமா என்று அவர் பிரித்தறிவார்.