போர்டு நம்பரைச் சொன்னது யார்?

கேள்வி: கொடைக்கானலில் நானும் மனைவியும் நான்கு அறை உள்ள ஹோம்ஸ்டே நடத்துகிறோம். பின்பக்கம் ஒரு ஹாட் டப் (வெந்நீர்த் தொட்டி) வைத்திருக்கிறோம். இறக்குமதித் தொட்டி, வாரண்டி முடிந்துவிட்டது. நவம்பரில் அதன் கன்ட்ரோல் பெட்டிக்குள் இருக்கும் போர்டு (சர்க்யூட் பலகை) போய்விட்டது. தொட்டியை விற்ற கடையில், கன்ட்ரோல் பெட்டியையே மாற்ற வேண்டும், 1.60 லட்சம் ஆகும் என்றார்கள். இணையத்தில் தேடி, வெளியூர் வியாபாரி ஒருவரிடம் வாட்ஸ்அப்பில் பேசி 46,000 ரூபாய்க்கு போர்டு மட்டும் வாங்கினேன். எங்கள் எலக்ட்ரீஷியன் மாட்டினார். மூன்றாம் நாள் புகை வந்து போர்டு கருகிவிட்டது. கிறிஸ்துமஸ் புக்கிங் எல்லாம் ரத்து. வியாபாரி கைவிரிக்கிறார், மரியாதையில்லாமல் பேசுகிறார். போர்டு விலை, வருமான இழப்பு, மன உளைச்சல் எல்லாம் சேர்த்து 10 லட்சம் கேட்டு நுகர்வோர் வழக்குப் போடலாமா? மோசடிப் புகாரும் கொடுக்கலாமா?

பதில்: உங்கள் கடிதம் பதினொரு பக்கம். அதில் பாதிக்கு மேல் வியாபாரி என்ன தொனியில் பேசினார் என்பதற்கே போய்விட்டது. பேசியது தப்புதான். ஆனால் அதற்காக எந்த ஆணையமும் பணம் வாங்கித் தராது. வந்த குடும்பம் முகம் சுளித்துக்கொண்டு போனதும், ஒற்றை நட்சத்திர ரிவ்யூவும், முதலில் தொட்டி விற்ற கடைக்காரர் 'நான் அப்பவே சொன்னேனே' என்றதும் அப்படித்தான். ஒதுக்கி வையுங்கள்.

மோசடிப் புகாரையும் மறந்துவிடுங்கள். குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவில் ஒருவரைச் சிக்க வைக்க, விற்கும்போதே அவருக்கு ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். பில் போட்டு, கூரியரில் அனுப்பி, மாட்டும் நாளில் போனில் வழியும் சொன்ன ஆள் மேல் அது நிற்காது. ஸ்டேஷனில் புகாரைப் பெற்றதற்கு சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள். இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு, 'இது சிவில் மேட்டர்' என்று அனுப்பிவிடுவார்கள். நீங்கள் கோபத்தில் எழுதிக் கொடுத்த ஒவ்வொரு வரியும் எதிர்த்தரப்பு வக்கீல் கைக்குப் போய்ச் சேரும். அது ஒன்றுதான் மிச்சம்.

இந்த விவகாரத்தில் சட்டப்படி முக்கியமான கேள்வி ஒன்றே ஒன்று. அந்த போர்டைத் தேர்ந்தெடுத்தது யார், நீங்களா அவரா?

நீங்கள் இணைத்திருக்கும் வாட்ஸ்அப் படங்களில் எனக்கு வேண்டியது நான்கு வரிதான். முதலில் நீங்கள் பெட்டியின் உட்புறப் படத்தை அனுப்பி, 'இந்தத் தொட்டிக்கு எந்த போர்டு சரியா வரும்?' என்று கேட்கிறீர்கள். அவர் 'போர்டுல இருக்கிற நம்பர் அனுப்புங்க' என்கிறார். நீங்கள் ஒரு நம்பரை டைப் செய்து, 'இதுதான் வேணும், ஸ்டாக் இருக்கா?' என்கிறீர்கள். அவர் 'இருக்கு சார், பக்காவா செட் ஆகும்' என்கிறார்.

1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 16-வது பிரிவு சொல்வது இது. என்ன தேவைக்கு வாங்குகிறீர்கள் என்பதை விற்பவருக்குத் தெரியப்படுத்தி, அவருடைய தொழில் அறிவை நம்பி வாங்கினால், அந்தத் தேவைக்குப் பொருந்தும் பொருளைத் தர வேண்டியது அவர் பொறுப்பு. ஆனால் குறிப்பிட்ட பொருளை அதன் வணிகப் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கினால் அந்தப் பொறுப்பு அவருக்குக் கிடையாது. உங்கள் முதல் வரி உங்களுக்குச் சாதகம். மூன்றாவது வரி அவருக்கு. நான்காவது வரிதான் உங்களைக் காப்பாற்றுகிறது. அவர் வெறுமனே 'ஸ்டாக் இருக்கு' என்று நிறுத்தியிருந்தால், வழக்கே வேண்டாம் என்று இந்த பதிலை இங்கேயே முடித்திருப்பேன்.

அந்த நம்பரை எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதையும் எதிர்த்தரப்பு கேட்கும். இந்தப் பெட்டிகளில் நம்பருக்குப் பஞ்சமே இல்லை. பெட்டியின் மேல் லேபிளில் மாடல் நம்பர், உள்ளே பலகையில் அச்சடித்த நம்பர், சிப்பின் மேல் ஒட்டிய ஸ்டிக்கரில் இன்னொரு நம்பர். பலகை ஒன்றாகவே இருந்தாலும், எத்தனை பம்ப், ஒரு வேகமா இரண்டு வேகமா, மேலே உள்ள பட்டன் பேனல் எது என்பதைப் பொறுத்து அதில் ஏற்றிய நிரல் மாறும். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீங்கள் அனுப்பியது பலகையில் அச்சடித்த நம்பர். அது போதாது என்று சொல்லியிருக்க வேண்டியவர் அந்தத் தொழிலில் இருக்கும் வியாபாரிதான். உங்கள் தரப்பில் நல்ல வாதம் இது ஒன்றுதான்.

சரி, இனி கெட்ட செய்தி. ஒன்பதாம் பக்கத்தில், தேநீர் குடித்த கதை மாதிரி ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: 'மாட்டினதும் ஆர்.சி.சி.பி. டிரிப் ஆகிக்கிட்டே இருந்துச்சு, அதனால எலக்ட்ரீஷியன் அதை எடுத்துட்டு டைரக்டா குடுத்துட்டார்.'

இந்த ஒரு வரியைப் படித்ததும் மற்ற பத்துப் பக்கத்தையும் மூடி வைத்துவிட்டேன். மின்கசிவு ஏற்பட்டால் நொடிக்குள் மின்சாரத்தைத் துண்டிக்கத்தான் அந்தக் கருவி இருக்கிறது. ஆளைக் காப்பாற்ற வைப்பது வழக்கமாக 30 மில்லி ஆம்பியர் அளவு. தண்ணீரில் மனிதர்கள் உட்காரும் ஒரு தொட்டிக்கு அதை எடுத்துவிட்டு இரண்டு நாள் விருந்தினரை இறக்கியிருக்கிறீர்கள். யாருக்காவது ஒன்று ஆகியிருந்தால் நீங்கள் எனக்குக் கடிதம் எழுதியிருக்க மாட்டீர்கள், ஜாமீனுக்கு ஆள் தேடிக்கொண்டிருப்பீர்கள். அஜாக்கிரதையால் மரணம் என்றால் அதே நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவு, ஐந்து வருடம் வரை சிறை. யாருக்கும் ஒன்றும் ஆகாவிட்டால்கூட, உயிருக்கு ஆபத்து உண்டாக்கியதற்கு 125 இருக்கிறது. இதைத்தான் நீங்கள் மனுவில் சத்தியம் செய்து எழுதப் போகிறீர்களா?

எழுதாமல் விடலாமே என்பீர்கள். கட்சிக்காரர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். மாட்டிய அன்று வியாபாரிக்கு நீங்களே 'பிரேக்கர் நிக்க மாட்டேங்குது' என்று குரல் பதிவு அனுப்பியிருக்கிறீர்கள். உங்கள் இணைப்பிலேயே இருக்கிறது. அவருடைய பதில் மனுவில் அது முதல் ஆவணமாக வரும். அப்புறம் உங்கள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவார்கள். லைசென்ஸ் இருக்கிறதா என்பார்கள். போர்டு மாற்றுவது வேண்டுமானால் பழுதுபார்ப்பு என்று வாதாடலாம். ஆனால் பாதுகாப்புக் கருவியைக் கழற்றி லைனை மாற்றிக் கொடுத்தது மின் நிறுவல் வேலை. அதை உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்தான் செய்ய வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறை. உங்களிடம் அவருக்குக் கொடுத்த பணத்துக்கு ரசீதுகூட இல்லை.

இதைவிட மோசமான ஒன்றும் இருக்கிறது. அந்தக் கருவி சும்மா டிரிப் ஆகவில்லை. எங்கோ கசிவு இருந்தது. இத்தகைய தொட்டிகளில் அது பெரும்பாலும் ஹீட்டர் காயில். உறை அரித்துத் தண்ணீர் உள்ளே போனால் கரண்ட் எர்த்துக்கு ஓடும். கெட்டுப்போன காயில் போர்டையும் சேர்த்து எரிப்பது உண்டு. அதனால்தான் விவரம் தெரிந்த மெக்கானிக் புது போர்டு மாட்டுவதற்கு முன் ஹீட்டர் வயரைக் கழற்றி, கசிவு இருக்கிறதா என்று மெகர் என்ற மீட்டரை வைத்துப் பார்ப்பார். நீங்கள் பார்க்கவில்லை. ஆக, எதிர்த்தரப்பின் வாதம் இப்படி இருக்கும்: 'பழைய போர்டைக் கொன்றதும் ஹீட்டர், என் போர்டைக் கொன்றதும் ஹீட்டர். எச்சரித்த கருவியையும் இவர்களே பிடுங்கிவிட்டார்கள்.' இதற்கு என்னிடம் பதில் இல்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ல் 87-வது பிரிவு, பொருளைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தாலோ மாற்றியமைத்திருந்தாலோ விற்றவர் மேல் பொருள் பொறுப்பு வழக்கு (பொருளால் வந்த தீங்குக்கு இழப்பீடு கேட்கும் வழக்கு) போட முடியாது என்கிறது. அதைப் பிடித்துக்கொள்வார்கள்.

உங்களிடம் எதிர்வாதத்துக்குச் சரக்கு இல்லாமல் இல்லை. அந்த போர்டு வட அமெரிக்க மின்சாரத்துக்குச் செய்தது. அங்கே 240 வோல்ட் என்பது இரண்டு லைன், நடுவில் நியூட்ரல், 60 ஹெர்ட்ஸ். நியூட்ரலுக்கும் ஒரு லைனுக்கும் இடையே 120 வோல்ட்தான். ஓசோன் கருவி, சிறிய பம்ப் போன்றவற்றை அந்த 120-ல் ஓட்டும்படி அமைத்து வரும் போர்டுகள் உண்டு. நம் ஊரில் ஒரே லைன், 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். இங்கே ஓட்ட, போர்டில் இணைப்பை மாற்றும் சின்னக் கம்பிகளான ஜம்பர் வயர்களில் சிலவற்றை இடம் மாற்ற வேண்டும், சின்ன சுவிட்ச் வரிசையைப் பழைய போர்டில் இருந்தபடி வைக்க வேண்டும். இதை எழுதிய தாள் ஒன்றும் பார்சலில் வரவில்லை என்கிறீர்கள். அது உண்மையானால் விற்றவர் மேல் குறை இருக்கிறது. ஆனால் எது எரித்தது, ஹீட்டரா ஜம்பரா? அதைச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: கருகிய அந்த போர்டு. அது இப்போது எங்கே? 'செல்போன் கடையில் குடுத்திருக்கேன், ரிலே மாத்தினா ஓடுமான்னு பாக்கிறார்' என்று எழுதியிருக்கிறீர்கள்.

இந்தக் குழியில் விழுந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். மதுரையில் ஐஸ்கிரீம் கடை வைத்திருந்த ஒரு கட்சிக்காரர். டீப் ஃப்ரீசர் போர்டு எரிந்தது. எரிந்ததை ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்தார். அவர் நல்ல எண்ணத்தில் இரண்டு பாகத்தைக் கழற்றி, துடைத்து, பளபளவென்று திருப்பிக் கொடுத்தார். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 38-வது பிரிவின்படி ஆய்வகத்துக்கு அனுப்பினோம், கட்டணமும் நாங்களே கட்டினோம். இந்த நிலையில் காரணத்தைக் கண்டறிய இயலாது என்று இரண்டு வரியில் அறிக்கை வந்தது. வழக்கு அதோடு முடிந்தது. என் ஃபீஸைக் கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது. கேட்டேன், அது வேறு விஷயம்.

ஆகவே இதைப் படித்து முடித்ததும் அந்தக் கடைக்குப் போங்கள். இன்னும் கை வைக்கவில்லை என்றால் போர்டை அப்படியே வாங்கி, இரண்டு பேர் முன்னால் வீடியோ எடுத்து, கவரில் போட்டு ஒட்டி, தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். பழைய போர்டையும்தான். வாட்ஸ்அப் உரையாடல் இருக்கும் போனை மாற்றாதீர்கள், விற்காதீர்கள். வெறும் ஸ்கிரீன்ஷாட்டை வைத்துக்கொண்டு பேச முடியாது. புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவில் மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழ் கேட்பார்கள், அதற்கு மூலக் கருவி கையில் இருந்தால் நல்லது. மூன்றாவது போர்டு மாட்டுவதற்கு முன், இன்ன தேதியில் வந்து பார்வையிடலாம் என்று வியாபாரிக்கு எழுத்தில் ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள். வரமாட்டார். வரவில்லை என்பதே உங்களுக்குப் பயன்படும்.

10 லட்சம் பற்றி. நுகர்வோர் ஆணையத்தில் முதல் தடையே நீங்கள் நுகர்வோரா என்பதுதான். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார். சொந்த உழைப்பில் பிழைப்புக்காக வாங்கியவருக்கு மட்டும் விலக்கு. 1995-ல் லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில், நம் கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட்தான் எதிர்த்தரப்பு, உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. ஆட்டோ வாங்கித் தானே ஓட்டுபவர் நுகர்வோர். உதவிக்கு ஒன்றிரண்டு ஆள் வைத்துக்கொண்டாலும் பரவாயில்லை. கணவனும் மனைவியும் நடத்தும் நான்கு அறை இதற்குள் வரும் என்று வாதாடலாம். வணிக நோக்கம் என்று நிரூபிக்கும் சுமையும் எதிர்த்தரப்புக்கே என்று 2024-ல் ஸ்ரீராம் சிட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

ஆனால் நீங்களே அந்தச் சுமையை இறக்கி வைக்கிறீர்கள். பில் ஹோம்ஸ்டே பெயரில், ஜி.எஸ்.டி. நம்பரோடு. அதில் கட்டிய வரியை உள்ளீட்டு வரி வரவாக (இன்புட் கிரெடிட்) எடுத்தும்விட்டீர்கள். மனுவின் முதல் பத்தியில் 'வயிற்றுப் பிழைப்புக்கு' என்று எழுதிவிட்டு, ஐந்தாவது பத்தியில் ஒரே சீசனில் லட்சக்கணக்கில் வருமானம் போனது என்று கேட்டால், இரண்டில் எதை நம்புவது? வருமான இழப்பைப் பெரிதாக்க ஆக்க, நீங்கள் நுகர்வோர் இல்லை என்பதற்கு நீங்களே சாட்சி சொல்கிறீர்கள். பொருள் பொறுப்பு என்ற வழியில் போனாலும் சட்டத்தில் 'தீங்கு' என்பதில் வணிக இழப்பு சேராது, எரிந்த பொருளும் சேராது. சிவில் கோர்ட்டில் 10 லட்சத்துக்கு நீதிமன்றக் கட்டணம் கட்டிவிட்டு மேலே சொன்ன ஒன்பதாம் பக்கத்தோடு போய் நிற்கத் தயார் என்றால் சொல்லுங்கள், வேறு வக்கீல் பெயர் தருகிறேன்.

என் யோசனை, சமரசம். நுகர்வோர் வழக்குப் போடக் காலக்கெடு இரண்டு வருடம் இருக்கிறது, அதை வைத்துப் பேசலாம். நோட்டீஸில் அந்த நான்கு வாட்ஸ்அப் வரியும், ஜம்பர் பற்றிய தாள் வராததும் மட்டும் இருக்கட்டும். வருமானம், அவமானம், பிரேக்கர் எதுவும் வேண்டாம். 46,000 முழுதாகக் கேளுங்கள். 25,000-க்கு இறங்கி வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். பணத்துக்குப் பதில் வேறு போர்டு தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள், அதே ஆளிடம் அதே நம்பர்தான் வரும். 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற தாளில் பணம் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். அவரைப் பற்றி நீங்கள் போட்ட ரிவ்யூவை நீக்கச் சொல்வார். அதுவும் பணம் வந்த பிறகுதான். அவர் உட்கார்ந்து பேச வந்தால் சட்டப் பணிகள் குழுவின் மக்கள் நீதிமன்றத்தில் பதிவு செய்துவிடுங்கள், பிறகு அவர் மேல்முறையீடு என்று இழுக்க முடியாது.

தொட்டியை இன்றே மெயினிலிருந்து துண்டித்துப் பூட்டுங்கள். லைசென்ஸ் உள்ள ஆளை வைத்து ஹீட்டரைச் சோதித்து, ஆர்.சி.சி.பி.யைத் திரும்ப மாட்டி, அவரிடம் எழுத்தில் ஒரு சான்று வாங்கும் வரை அதில் யாரையும் இறக்காதீர்கள். பொங்கல் புக்கிங் வந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவர்களிடம் வெந்நீர்த் தொட்டி இல்லை என்று இப்போதே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.