உருவி விடலாமா?

எலும்பு, மூட்டு, விளையாட்டுக் காயங்கள் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு பிசியோதெரபிஸ்ட் பதில் சொல்கிறார்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் கோ-கோ விளையாடும்போது கால் பிரண்டு விழுந்துவிட்டாள். மூன்று நாளாகிறது. கணுக்காலின் வெளிப்பக்கம் வீங்கி நீலம் பாரித்திருக்கிறது. சுளுக்கு எடுப்பவரிடம் போய் எண்ணெய் போட்டு உருவச் சொல்கிறார் என் மாமியார். போகலாமா? எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா?
– ஒரு வாசகி, சங்கரன்கோவில்

பதில்: உருவ வேண்டாம் அம்மா. உங்கள் கடிதம் வந்த அன்றே தனியாகப் பதில் போட்டுவிட்டேன். மற்றவர்களுக்கும் உதவும் என்று இங்கேயும் எழுதுகிறேன்.

எனக்குப் பதின்மூன்று வயதில் இதே விளையாட்டில் இதே போல் கால் பிரண்டது. ஆச்சி நல்லெண்ணெயைச் சூடு பண்ணி, கட்டைவிரலால் அழுத்தி உருவிவிட்டார். பாசத்தில் செய்ததுதான். மறுநாள் காலையில் கொலுசைக் கழற்ற முடியவில்லை, ஆசாரியைக் கூப்பிட்டு வெட்டி எடுத்தோம். கால் உள்பக்கமாக மடங்கும்போது வெளிக் கணுவுக்குச் சற்று முன்னால் இருக்கும் ஜவ்வுதான் பெரும்பாலும் முதலில் கிழியும். நீங்கள் பார்க்கும் நீலம், அங்கிருந்து கசிந்த ரத்தம். அதன்மேல் அழுத்தி உருவினால் கசிவு கூடும். எலும்பில் கீறல் இருந்தால் அது விலகவும் வாய்ப்பு உண்டு.

எக்ஸ்ரே விஷயத்துக்கு வருகிறேன். கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-ல் வகுத்துக் கொடுத்த முறையைத்தான் நான் இன்றும் பின்பற்றுகிறேன். அடிபட்டவுடனும் சரி, இப்போதும் சரி, அவளால் நாலு அடி எடுத்து வைக்க முடியவில்லையா? நொண்டி நடந்தாலும் நடைதான். அடுத்து, இரண்டு பக்கக் கணு எலும்புகளின் நுனியிலிருந்து மேலே 6 செ.மீ. வரை பின் ஓரமாக விரலால் அழுத்திப் பாருங்கள். பிறகு சுண்டுவிரலிலிருந்து பின்னால் வந்தால் பாதத்தின் வெளி ஓரத்தில் ஒரு மேடு தட்டுப்படும், அதையும், உள்பக்கம் பாத வளைவின் மேலே இருக்கும் மேட்டையும் அழுத்துங்கள். எலும்பின் மேலேயே சுருக்கென்று வலித்தாலோ நாலு அடி நடக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். வளரும் பிள்ளைகளுக்கு எலும்பு நுனியில் வளர்ச்சிப் பகுதி இருக்கிறது, அதனால் சந்தேகம் இருந்தால் தள்ளிப்போட வேண்டாம்.

எலும்பில் ஒன்றும் இல்லையா, சரி. கிரேப் பேண்டேஜ் சுற்றி, தலையணைமேல் காலை உயர்த்தி வையுங்கள். வலி தாங்காவிட்டால் ஐஸைத் துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வைக்கலாம். ஆனால் வாரக்கணக்கில் படுக்க வைத்துவிடாதீர்கள். ஓய்வு, ஐஸ், கட்டு, உயரம் என்ற பழைய பாடத்தை 1978-ல் எழுதிப் பரப்பிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே, ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று பின்னாளில் மாற்றிச் சொன்னார். வலி கொஞ்சம் தணிந்ததும் கட்டிலில் உட்கார்ந்து பெருவிரலால் காற்றில் அ, ஆ, இ, ஈ எழுதச் சொல்லுங்கள். ஃ வரை வந்தால் கணுக்கால் எல்லாப் பக்கமும் அசைந்திருக்கும். அப்புறம், பல் தேய்க்கும்போது சுவரைத் தொட்டுக்கொண்டு அடிபட்ட காலால் மட்டும் நிற்கட்டும். இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். பாதம் எப்படித் திரும்பியிருக்கிறது என்று மூளைக்குச் சேதி சொல்வதும் அந்த ஜவ்வுதான். அந்தப் பழக்கத்தை மீட்டுக் கொடுக்காவிட்டால் அதே கால் மறுபடி மறுபடி பிரளும். ஒற்றைக் காலால் வலியில்லாமல் நொண்டியடித்துக் காட்டிய பிறகு மைதானத்துக்கு அனுப்புங்கள்.

கேள்வி: எனக்கு 22 வயது. கபடியில் ரைடு போய்த் திரும்பும்போது முட்டியில் 'டக்' என்று சத்தம் கேட்டது. இரண்டு மணி நேரத்தில் முட்டி பந்து போல் வீங்கிவிட்டது. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. இப்போது நன்றாக நடக்கிறேன், ஆனால் சட்டென்று திரும்பினால் முட்டி நழுவுகிறது. நீ-கேப் போட்டுப் பொங்கல் மேட்ச் ஆடலாமா?
– ஒரு வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: ஆடாதீர்கள் தம்பி. எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், ஜவ்வைக் காட்டாது. சத்தம், உடனே வந்த வீக்கம், நழுவல் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஏ.சி.எல். என்கிற முன் சிலுவை ஜவ்வு கிழிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். அனுபவமுள்ள எலும்பு மருத்துவர் முட்டியைக் கையால் இழுத்துப் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடுவார். எம்.ஆர்.ஐ. அதை உறுதி செய்யும்.

என் அண்ணனும் ரைடர்தான். உங்களைப் போலவே நீ-கேப்பை நம்பி இரண்டு சீசன் ஆடினார். நீ-கேப் முட்டிக்குச் சூடு கொடுக்கும், தைரியம் கொடுக்கும். முட்டி முறுக்கிக்கொள்வதை அது தடுக்காது. ஒவ்வொரு நழுவலிலும் உள்ளே மெத்தை போல் இருக்கும் குருத்தெலும்பு நசுங்குகிறது. கடைசியில் அது கிழிந்து நடுவில் சிக்கி, முட்டி பாதியில் பூட்டிக்கொண்டது. களத்திலிருந்து நாலு பேர் தூக்கி வந்தோம். இன்று 46 வயதில் அவரால் சம்மணமிட்டு உட்கார முடியாது.

எல்லாருக்கும் அறுவை சிகிச்சை தேவையில்லை. தொடைத் தசையை நன்றாக வலுவாக்கியே சமாளிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் முட்டி நழுவிக்கொண்டே இருக்கும்போது கபடிக்குத் திரும்ப ஆசைப்பட்டால் பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான் வழி. செய்துகொண்டால் குறைந்தது 9 மாதம் பொறுங்கள். அதற்கு முன்பே இறங்கியவர்களுக்கு ஜவ்வு மறுபடி கிழிவது அதிகம். இந்தப் பொங்கல் போனால் போகட்டும் தம்பி.

கேள்வி: பரோட்டா மாஸ்டராக இருக்கிறேன். வலது முழங்கையின் வெளிப்பக்கம் வலி, டம்ளரைக்கூடத் தூக்க முடியவில்லை. இரண்டு முறை ஊசி போட்டேன். போன வலி திரும்ப வந்துவிட்டது.
– ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: டென்னிஸ் எல்போ என்பார்கள், டென்னிஸ் ஆடாதவர்களுக்கே அதிகம் வருகிறது. மணிக்கட்டைத் தூக்கும் தசைகள் முழங்கையின் அந்த இடத்தில்தான் ஒட்டியிருக்கின்றன. மாவு பிசைந்து, வீசி, தட்டி அந்த ஒட்டுமிடம் களைத்துப்போயிருக்கிறது. ஸ்டீராய்டு ஊசி சில வாரம் வலியைக் குறைக்கும், ஆனால் ஓராண்டு கழித்துப் பார்த்தால் ஊசி போட்டவர்களுக்கே வலி திரும்புவது அதிகம். மூன்றாவது ஊசி வேண்டாம்.

முன்கையை மேஜைமேல் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே இருக்கட்டும். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து, இடது கையால் மேலே தூக்கிவிட்டு, வலது கையால் மட்டும் மெதுவாக இறக்குங்கள். 15 முறை, மூன்று தடவை, தினமும். லேசான வலி பரவாயில்லை. இரண்டு மூன்று மாதம் விடாமல் செய்யுங்கள். அதுவரை மாவு பிசைகிற வேலையை உடன் இருப்பவரிடம் கொடுங்கள், ஈரத் துணியை முறுக்கிப் பிழிய வேண்டாம், எதையும் உள்ளங்கை மேலே பார்க்கிற மாதிரி தூக்குங்கள். விரல்கள் மரத்துப்போனாலோ கழுத்திலிருந்து வலி இறங்கினாலோ இது வேறு பிரச்சினை, நேரில் காட்ட வேண்டும்.