விறகா, நாற்காலியா?

கேள்வி: நான் கல் சிற்பி. எங்கள் தோட்டத்தில் சாய்ந்துவிட்ட புளியமரத்தில் மேசையும் நாற்காலியும் செதுக்க ஆசை, ஆனால் நடுவில் பெரிய விரிசல். வீட்டில் விறகுக்குப் போடச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?
– வாசகர், பர்கூர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: விறகுக்கு மட்டும் போட்டுவிடாதீர்கள்! 1930-களில் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதிக் கட்டடப் பணியில் இருந்தவர் ஜார்ஜ் நகஷிமா. பின்னாளில் அமெரிக்காவில் மரச்சாமான் செய்தபோது அவர் விரிசலை மறைக்கவில்லை, பட்டாம்பூச்சி வடிவக் கட்டையைக் குறுக்கே பதித்து அது மேலும் பிளக்காமல் நிறுத்தி, அதையே மேசையின் அழகாக்கினார். சிற்பி இசாமு நொகுச்சியின் மேசையோ இரண்டே மரத்துண்டுகளும் மேலே ஒரு கண்ணாடியும்தான், 1947-இல் சந்தைக்கு வந்தது இன்றும் விற்கிறது.

சரி, உங்கள் மரத்துக்கு வருவோம். பலகையாக அறுத்து, இடையிடையே சட்டம் வைத்து அடுக்கி, வெட்டுமுனைகளில் பெயிண்ட் பூசி நிழலில் காயவிடுங்கள், ஓர் அங்குல கனத்துக்கு ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும், இதில் அவசரப்பட்டால் செதுக்கியபின் முறுக்கிக்கொள்ளும். புளி கடினமான மரம், நடுவில் கருத்த வைரப்பகுதி (முற்றிய உள்மரம்) கிடைத்தால் உங்கள் அதிர்ஷ்டம். அப்புறம், முதல் நாற்காலியில் வீட்டுப் பெரியவர்களை உட்காரவைத்துப் பாருங்கள். இடுப்பு வலித்தால் மறுபடி உளியை எடுங்கள்.