புதுச் செயின், பழைய பல்: பண்ணைக் கருவிகள் கேள்வி பதில்

கேள்வி: கதிர் அறுக்கும் மிஷின் வைத்திருக்கிறேன். தானியத்தை மேலே ஏற்றும் எலிவேட்டரை ஓட்டும் 60 நம்பர் செயினைப் போன சம்பாவுக்குத்தான் புதிதாகப் போட்டோம், இப்போதே பல்லை விட்டு ஏறிக் குதிக்கிறது. லிங்க் எடுத்து இழுத்துக் கட்டினால் போதுமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: லிங்க்கில் கை வைக்காதீர்கள். செயின் நீண்டுவிட்டது என்கிறோமே தவிர, தகடு ஒன்றும் இழுபட்டு நீள்வதில்லை. உள்ளே பின்னும் (மூட்டின் ஆணி) அதைச் சுற்றியுள்ள புஷ்ஷும் (சின்னக் குழாய்) உராய்ந்து மூட்டுக்கு மூட்டு மயிரிழை அளவு தேய்கிறது, எல்லாம் சேர்ந்துதான் நீளமாகத் தெரிகிறது. லிங்க் எடுத்தால் தொய்வு போகும், சரி. ஆனால் பின்னுக்குப் பின் கூடிய தூரம் கூடியதுதான். அந்தச் செயின் பல்லின் அடியில் உட்காராமல் நுனிப் பக்கம் ஏறி, லோடு விழுந்ததும் குதிக்கும்.

அளந்து பாருங்கள். 60 நம்பர் செயினில் பின்னுக்குப் பின் முக்கால் அங்குலம், அதாவது 19.05 மி.மீ. கழற்றிய செயினை டீசலில் கழுவி, பலகையில் போட்டு, ஒரு முனையை ஆணியில் மாட்டி விறைப்பாக இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஒரு பின்னின் இடது விளிம்பிலிருந்து அதற்கு அடுத்த 16-வது பின்னின் இடது விளிம்பு வரை ஸ்டீல் ஸ்கேலை வையுங்கள் (பின்னின் நடு எங்கே என்று தேடினால் ஆளுக்கு ஓர் அளவு வரும்). புதுச் செயினில் 304.8 மி.மீ. இருக்கும். 310-ஐத் தொட்டால் அடுத்த செயினுக்குச் சொல்லி வைத்துவிடுங்கள். 314 என்றால் 3 சதவீதம் போய்விட்டது, கழற்றிப் போட வேண்டியதுதான்.

ஆனால் ஒரே பருவத்தில் இப்படி ஆனது என்றால் எனக்கு ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல் சக்கரம்) மேல்தான் சந்தேகம். செயினை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய ஸ்ப்ராக்கெட்டையே விட்டிருப்பீர்கள், பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். பல்லின் பள்ளத்தில் விரலை விட்டுத் தடவுங்கள், ஒரு பக்கம் மட்டும் குழிந்து நுனி கொக்கி மாதிரி வளைந்திருந்தால் அதுதான் புதுச் செயினைத் தின்றது. இரண்டு பக்கமும் ஒரே அமைப்பில் உள்ள ஸ்ப்ராக்கெட் என்றால் திருப்பி மாட்டி இன்னொரு பருவம் ஓட்டலாம், இல்லையென்றால் செயினோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

மாட்டும்போது இரண்டு விஷயம். செயினின் இரண்டு முனையையும் சேர்க்கும் இடத்தில் போடும் லாக்கின் (கிளிப்) மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும், மாற்றிப் போட்டால் எங்காவது உரசிக் கழன்றுவிடும். தொய்வும் கொஞ்சம் வேண்டும்: இரண்டு ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவே அரை மீட்டர் என்றால் மையத்தில் மேலும் கீழுமாக ஒன்று முதல் இரண்டு செ.மீ. ஆடலாம். கம்பி மாதிரி இறுக்கினால் பேரிங் போகும். இதையெல்லாம் இன்ஜினை நிறுத்தி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

கேள்வி: 60 கேட்டால் கடையில் 12பி தருகிறார்கள், இரண்டும் ஒன்றுதானாம். உண்மையா?
– வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: முக்கால் அங்குலம் என்பது மட்டும்தான் ஒன்று. 60-க்குச் சமமானது 12ஏ. அதன் உள் அகலம் 12.57 மி.மீ., 12பி-யில் 11.68 மி.மீ.தான். ரோலரோ (பல்லின் பள்ளத்தில் உட்காரும் உருளை) 12பி-யில் சற்றுப் பெரியது. 60-க்கு வெட்டிய பல் 12பி-க்குள் பக்கத் தகட்டை உரசிக்கொண்டே ஓடும், கையால் சுற்றிப் பார்க்கும்போது சேர்ந்த மாதிரிதான் தெரியும், அதுதான் வம்பே. பழைய தகட்டில் அச்சடித்த நம்பரைத் துடைத்துப் பார்த்து அதையே கேளுங்கள். 60எச் என்றால் தகடு தடிமன், பின்னும் நீளம், மற்றபடி 60-இன் ஸ்ப்ராக்கெட்டில் உட்காரும். கவரில் இடிக்காமல் இருந்தால் தாராளமாகப் போடலாம். நீளம் ஒத்துவரவில்லை என்று அரை லிங்க் போடுவது மட்டும் வேண்டாம், செயின் அந்த இடத்தில்தான் பலவீனமாக இருக்கும்.

கேள்வி: செயினுக்குக் கிரீஸா, பழைய இன்ஜின் ஆயிலா?
– வாசகர், சீர்காழி

பதில்: இரண்டும் வேண்டாம். வெளியே அப்பிய கிரீஸ் தேய்மானம் நடக்கிற பின் வரை போகாது, வைக்கோல் தூசியையும் மண்ணையும் பிடித்து உப்புத்தாள் வேலையைத்தான் பார்க்கும். பழைய இன்ஜின் ஆயிலில் கரியும் இரும்புத் துகளும் கிடக்கும். நம் ஊர் வெயிலுக்குப் புது 40 நம்பர் (SAE 40) ஆயில் போதும். வேலை முடிந்து செயின் சூடாக இருக்கும்போதே, இன்ஜினை நிறுத்திவிட்டு, கீழ் வரிசையின் உள்பக்கமாகத் தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் உள்ள இடுக்கில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். அப்புறம் செயினைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, வெளியே வழிவதைத் துணியால் துடைத்துவிடுங்கள். பிரஷர் வாஷ் செய்கிறவர்கள் முனையை நேராகச் செயினில் காட்டாதீர்கள், தண்ணீர் உள்ளே போய் அங்கேயே துருப்பிடிக்கும்.

கேள்வி: ரோட்டவேட்டரின் பக்கவாட்டுச் செயின் பெட்டியில் ஆயில் வெள்ளையாகிவிட்டது. ஆயிலை மாற்றினால் போதுமா?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: போதாது. மோர் நிறத்தில் வந்தால் சேற்றுழவில் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. முதலில் கத்தித் தண்டின் முனையில் நைலான் கயிறோ சாக்கு நூலோ சுற்றியிருக்கிறதா பாருங்கள், அது தண்ணீர் புகாமல் தடுக்கும் ஆயில் சீலை (ரப்பர் வளையம்) அறுத்துவிடும். சீலை மாற்றி, பெட்டியை டீசல் விட்டு அலசி வடித்து, செயினையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கையேட்டில் சொன்ன கியர் ஆயிலைச் சொன்ன மட்டத்துக்கு ஊற்றுங்கள்.